போன் இல்லாதவங்களும் சுற்றுலாப் பயணிதான்!



சுற்றுலான்னாலே நமக்கெல்லாம் குஷிதான். முன்னெல்லாம் ஊருக்குப் போகணும்னா ரயில் டிக்கெட்டுக்குத் தாம்பரம் ஸ்டேஷன் போய் வரிசையில் நிற்கணும். 2002-இல் ரயில்வே டிக்கெட் இணையத்துக்கு வந்தது. இப்போ டிக்கெட், தங்கும் அறை, வழி எல்லாமே போன்ல! இது நல்ல மாற்றம்தான். ஆனால் எல்லாருக்கும் நல்லதா?

நமக்குப் பக்கத்தில் இருக்கிற மாமல்லபுரத்தையே எடுத்துக்குவோம். 1984-இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்த இடம். தாம்பரத்தில் 515 பஸ் ஏறினால் போய்விடலாம். 15 வயதுக்குக் கீழே உள்ள நமக்கு அங்கே டிக்கெட்டே கிடையாது. பெரியவர்களுக்கு 40 ரூபாய். ஆனால் இணையத்தில் வாங்கினால் 35 ரூபாய்தான். யோசிச்சுப் பாருங்க. பெரிய போன் வச்சிருக்கிறவருக்குத் தள்ளுபடி, சுருக்குப் பையில் சில்லறை வச்சிருக்கிற பாட்டிக்கு முழு விலை! இது என்ன நியாயம்?

கொரோனா காலத்தில், 2020 ஜூலையில் தொல்லியல் துறை தன் இடங்களைத் திறக்க ஆரம்பித்தபோது டிக்கெட் இணையத்தில் மட்டும்தான். நோய் பரவாமல் இருக்கச் செய்தது சரி. ஆனால் போன் இல்லாதவங்க கதி?

இன்னொரு விஷயம் வழிகாட்டிகள். "போன்லயே எல்லாம் இருக்கே, கைடு எதுக்கு?" என்று சிலர் கேட்கிறார்கள். போன் பல்லவர் காலம், ஏழாம் நூற்றாண்டு என்று சொல்லும். ஆனால் அர்ச்சுனன் தபசு சிற்பத்தில் முன்கால்களைத் தூக்கித் தவம் செய்யற பூனையையும், அதன் பக்கத்தில் இருக்கிற எலிகளையும் விரல் நீட்டிக் காட்டி நம்மைச் சிரிக்க வைப்பது மனிதர்தான். அது அவருடைய சோறும்கூட.

அதுக்காகக் கம்ப்யூட்டரே வேண்டாம்னு நான் சொல்லலை. ஊட்டி, கொடைக்கானலைப் பாருங்க. வண்டிக் கூட்டம் மலையைக் கெடுக்குதுன்னு உயர் நீதிமன்றம் சொன்னபடி 2024 மே 7 முதல் இ-பாஸ் வந்தது. 2025 ஏப்ரல் முதல் ஜூன் வரை நீலகிரிக்கு வார நாளில் 6,000 வண்டி, சனி ஞாயிறில் 8,000 வண்டி என்று அளவும் வைத்தார்கள். கம்ப்யூட்டர் இல்லாமல் இதை எண்ண முடியுமா? அதிலும் அரசு பஸ்ஸில் போகிறவங்களுக்கு இ-பாஸ் வேண்டாம். ஏழைகளையும் நினைச்சுப் போட்ட விதி. இப்படித்தான் இருக்கணும்!

என் கருத்து இதுதான்:

1. எந்தச் சுற்றுலா இடத்திலும் காசு வாங்கும் ஜன்னல் ஒன்று திறந்தே இருக்கணும். விலையும் ஒண்ணாக இருக்கணும்.

2. ஸ்கேன் செய்தால் வரும் விவரம் நல்ல எளிய தமிழிலும் இருக்கணும்.

3. கைடுகளுக்கும் கல் தச்சர்களுக்கும் போன் வழியாகத் தொழில் செய்யப் பயிற்சி தரணும். மாமல்லபுரம் கற்சிற்பத்துக்கு 2017-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. சிற்பிகளே நேராக விற்றால் லாபம் அவங்க கைக்கு வரும்.

தொழில்நுட்பம் இன்னொரு வாசலைத் திறக்கட்டும். பழைய வாசலை மூட வேண்டாம்.

மாற்றுக் கருத்து உள்ளவர்கள் அடுத்த இதழுக்கு எழுதித் தாருங்கள்.

— ஒன்பதாம் வகுப்பு மாணவி, இராஜகீழ்ப்பாக்கம்