சேதி மட்டும் போதாது

‘அன்று எழுதத் தெரிந்தவரிடம் கடிதம் எழுதி வாங்கினோம், இன்று செயற்கை நுண்ணறிவிடம் வாங்குகிறோம். சேதி போய்ச் சேர்ந்தால் போதாதா?’ என்கிறார்கள். போதாது.

ஒன்று: கயத்தாறு பக்கம் கடிதம் எழுதிக் கொடுத்தவர் நம் வாய்ச்சொல்லையே எழுதினார். “மழையில்ல, பருத்தி போச்சு” என்றால் அதுவே தாளில் ஏறும். இயந்திரமோ நாம் படாத வருத்தத்தையும் சேர்த்து எழுதுகிறது. அது யாருடைய வருத்தம்?

இரண்டு: இயந்திரம் எழுதினால் தமிழ் திருத்தமாகிறதாம். எந்தத் தமிழ்? பக்கத்து இடைசெவல் எழுத்தாளர் கி. ராஜநாராயணன் (கி.ரா.) 1982-இல் கரிசல் வட்டாரப் பேச்சுக்கே தனி அகராதி கொண்டுவந்தார். அந்தப் பேச்சையா திருத்துவது?

மூன்று: அதே ஊர்க்காரரான எழுத்தாளர் கு. அழகிரிசாமி கி.ரா.வுக்கு எழுதிய கடிதங்கள் நூலாகவே வந்தன. இயந்திரம் எழுதியதை யார் பத்திரப்படுத்துவார்கள்?

துட்டி வீட்டுக்கு ரெண்டு வரி அனுப்பினாலும் நீங்களே எழுதுங்கள். பிழை இருந்தால் இருக்கட்டும்.