நாய் வளர்ப்போர் முதலில் போட வேண்டிய கணக்கு

போவன்பள்ளியில் வாடகை வீடுகளில் தங்கி ஆய்வு செய்யும் நண்பர்கள் சிலர் முதன்முறையாக நாய்க்குட்டி வாங்க முனைகின்றனர். முனைவர் பட்ட ஆய்வு ஏறத்தாழ 5 ஆண்டு. நாயின் ஆயுளோ 10 முதல் 13 ஆண்டு. பட்டம் பெற்று அயல்நாடு செல்வோர் அதனை எவரிடம் விட்டுச் செல்வர்? கழுத்துப்பட்டை வாங்குமுன் இதற்கு விடை வேண்டும்.

தடுப்பூசி, குடற்புழு நீக்கம், கருத்தடை ஆகியவற்றை 2023ஆம் ஆண்டு விலங்குப் பிறப்புக் கட்டுப்பாட்டு விதிகள் உரிமையாளரின் பொறுப்பாக்கியுள்ளன. பார்வோ தடுப்பூசித் தவணைகள் முடியுமுன் குட்டியைத் தெருவில் இறக்கலாகாது.

கோடையில் 40 பாகையைத் தாண்டும் ஐதராபாத்தில் சைபீரியன் ஹஸ்கியை அடுக்ககத்தில் அடைப்பது அன்பன்று (விலையும் சிறிதன்று). இவ்வெயிலுக்குப் பழகிய தெருக்குட்டியைத் தத்தெடுப்பதே தகும் என்பேன். எதுவாயினும், உதவித்தொகை தாமதிக்கும் மாதங்களுக்கான மருத்துவச் செலவை இப்போதே தனியே ஒதுக்கிவிடுங்கள்.