கிறிஸ்துமஸ் தாத்தாவும் இரண்டு வயதுக் குழந்தையும்

மேல்நாட்டார் என்றால் எல்லா விஷயத்திலும் பகுத்தறிவுக்காரர்கள் என்றும், மூடநம்பிக்கை என்பது நம் நாட்டுச் சரக்கு மாத்திரமே என்றும் நம்மவர்களில் பலர் எண்ணிக் கொண்டிருக்கிறார்கள். ரயிலும் தந்தியும் ஆகாய விமானமும் செய்தவன் வீட்டில் புரட்டுக்கு இடம் இருக்குமா என்பது அவர்கள் கேள்வி. இந்த எண்ணம் எவ்வளவு தூரம் சரி என்பதை அறியப் பெரிய பெரிய புஸ்தகங்களைப் புரட்ட வேண்டியதில்லை. டிசம்பர் மாதக் கடைசியில் இங்கிலாந்திலோ அமெரிக்காவிலோ ஒரு சாதாரணக் குடும்பத்தில், தத்தித் தத்தி நடக்கிற இரண்டு வயதுக் குழந்தை எதைக் காண்கிறது, அதற்கு என்ன சொல்லப்படுகிறது என்பதைப் பார்த்தாலே போதும்.

அந்தக் குழந்தையின் கண் பெரியவர்களின் இடுப்புக்கும் கீழே இருக்கிறது. அது முதலில் காண்பது, வெளியே நிற்க வேண்டிய மரம் ஒன்று வீட்டுக் கூடத்தின் மூலையில் வந்து நிற்பதை. மரத்தில் பளபளவென்று உருண்டைகள் தொங்குகின்றன. கையை நீட்டினால் "தொடாதே" என்கிறார்கள். மறுநாள் பார்த்தால் கீழ்க்கிளை உருண்டைகளெல்லாம் மேல்கிளைக்குப் போய்விட்டன. பிறகு ஒரு நாள் அதைக் கடைக்குத் தூக்கிக்கொண்டு போய், சிவப்பு அங்கி போட்டு வெள்ளைத் தாடி ஒட்டிக்கொண்ட முன்பின் அறியாத ஓர் ஆளின் மடியில் உட்கார வைக்கிறார்கள். குழந்தை வீறிட்டு அழுகிறது. தாய் தகப்பன்மார் சிரித்துக்கொண்டே படம் பிடிக்கிறார்கள். பண்டிகையன்று உறவினர் கூட்டத்தில் தூங்கும் வேளை தப்பிப் போகிறது. தின்னக் கூடாத தித்திப்பெல்லாம் வயிற்றுக்குள் போகிறது. சாயங்காலத்தில் காரணம் சொல்லத் தெரியாமல் அழுகிறது. விலை கொடுத்து வாங்கிய பொம்மையைக் கையில் கொடுத்தால் அதைக் கீழே போட்டுவிட்டு, பொம்மை வந்த அட்டைப்பெட்டிக்குள் புகுந்து உட்கார்ந்துகொண்டு சந்தோஷமாய்ச் சிரிக்கிறது.

அந்த வீட்டில் அன்றைக்குப் பகுத்தறிவோடு இருப்பது அந்தக் குழந்தை ஒன்றுதான் என்று நாம் சொல்லுவோம். மரத்தை மரமாகவும், பெட்டியைப் பெட்டியாகவும், அன்னியனை அன்னியனாகவும் அது பார்க்கிறது. எது தனக்கு இன்பம் தருகிறதோ அதை எடுத்துக்கொள்ளுகிறது. எது பயம் தருகிறதோ அதை வேண்டாமென்கிறது. இந்த நல்ல புத்தியை எப்படிக் கெடுப்பது என்பதற்காகவே அங்கே ஒரு பெரிய ஏற்பாடு நடக்கிறது. அதற்குத்தான் கிறிஸ்துமஸ் தாத்தா என்று பெயர்.

குழந்தைக்குப் பேச்சு வர வர அந்த ஏற்பாடும் வளருகிறது. வட துருவத்தில் ஒரு கிழவர் இருக்கிறாராம். மான்கள் இழுக்கும் வண்டியில் ஆகாயத்தில் பறந்து, ஒரே ராத்திரியில் உலகத்துப் பிள்ளைகளுக்கெல்லாம் சாமான் கொடுக்கிறாராம். புகைக்கூண்டு வழியாக இறங்குகிறாராம். புகைக்கூண்டு இல்லாத வீட்டுப் பிள்ளை அதைக் கேட்டுவிட்டால் அவரிடம் மந்திரச் சாவி இருக்கிறது என்கிறார்கள். நம் ஸ்தல புராணக்காரர்கள் ஒரு பொய்யைக் காப்பாற்ற ஒன்பது பொய் சொல்லுகிறார்களே, அதே வித்தைதான் இது. அமெரிக்காவில் அவருக்காகப் பாலும் பிஸ்கட்டும், இங்கிலாந்தில் பணியாரமும் ஒரு கிண்ணம் சாராயமும், மானுக்கு ஒரு காரட்டும் வைக்கிறார்கள். குழந்தை தூங்கின பிறகு தகப்பனார் அவற்றைத் தின்று குடித்துவிட்டு, காரட்டைக் கடித்து மீதியைப் போட்டு வைக்கிறார். காலையில் அதுவே அத்தாட்சி! நைவேத்தியத்தை யார் தின்கிறார்கள் என்பது நம் வாசகர்களுக்குத் தெரியாததல்ல.

வீட்டுக்குள்ளே மாத்திரம் இது நடந்தால்கூடப் பரவாயில்லை. ஊரே கூடிப் பொய் சொல்லுகிறது. 1897-ம் வருஷத்தில் நியூயார்க் நகரத்தில் ஓர் எட்டு வயதுப் பெண், தன் தோழர்கள் அப்படி ஒருவர் இல்லையென்கிறார்களே, எது உண்மை என்று அங்குள்ள 'சன்' பத்திரிகைக்கு எழுதிக் கேட்டாள். அந்தப் பத்திரிகையில் வந்தால் உண்மையாய்த்தானிருக்கும் என்று அவள் தகப்பனார் சொல்லியிருந்தாராம். உண்மையைக் கேட்ட குழந்தைக்குப் பத்திரிகை, இருக்கிறார் என்றே தலையங்கம் எழுதிற்று. அந்தத் தலையங்கம் இன்றுவரையில் கொண்டாடப்படுகிறது. 1931-ல் கொக்கோ கோலாக் கம்பெனி, கொழுத்த சிவப்பு அங்கித் தாத்தாவை ஓவியரைக்கொண்டு எழுதுவித்துத் தன் பானத்தை விற்க விளம்பரம் செய்தது. 1955 முதல் அமெரிக்காவின் ஆகாயப் பாதுகாப்புப் படையார், தாத்தாவின் வண்டி இப்பொழுது எங்கே பறக்கிறது என்று வருஷந்தோறும் அறிவித்து வருகிறார்கள். 1958-ல் அமெரிக்காவும் கனடாவும் சேர்ந்து அமைத்த படைத்தலைமையும் அந்த வேலையை விடவில்லை. எதிரியின் குண்டைக் கண்டுபிடிக்க வைத்த கருவியைக் காட்டிக் குழந்தையை நம்பவைப்பதென்றால், இந்தப் பொய்க்கு எவ்வளவு காவல் இருக்கிறதென்று பார்த்துக்கொள்ளுங்கள்.

நிற்க, இந்தத் தாத்தாவின் பூர்வோத்தரம்தான் என்ன? இப்போது துருக்கி என்று சொல்லப்படும் தேசத்திலுள்ள மைரா என்ற ஊரில், 4-வது நூற்றாண்டில் நிக்கோலஸ் என்று ஒரு பாதிரியார் இருந்ததாகச் சொல்லுகிறார்கள். ஓர் ஏழைக்கு மூன்று பெண்கள். சீதனம் கொடுக்கப் பணமில்லாததால் கல்யாணமாகவில்லை. அவர்கள் கெட்டுப் போகாமலிருக்க இவர் ராத்திரியில் பொன் முடிச்சுகளை வீட்டுக்குள் எறிந்தாராம். பெண் கல்யாணம் செய்துகொள்ளப் பணம் எதற்கு என்று அந்தக் கதையில் ஒருவரும் கேட்கவில்லை! 1087-ல் இத்தாலியிலுள்ள பாரி நகரத்து மாலுமிகள் அவருடைய எலும்புகளைக் கல்லறையிலிருந்து எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். எலும்பு இத்தாலிக்கும், பேர் அமெரிக்காவுக்கும் போயிற்று. 1823-ல் ஓர் அமெரிக்கப் பத்திரிகையில் வந்த பாட்டு அவருக்கு எட்டு மான்களைக் கொடுத்தது. 1863 முதல் தாமஸ் நாஸ்ட் என்ற சித்திரக்காரர் உருவத்தைக் கொடுத்தார். ஆகவே, குழந்தை நம்ப வேண்டிய ஆண்டவர் கட்டளை ஒன்றும் இதில் கிடையாது. பாட்டுக்காரனும் படக்காரனும் வியாபாரியும் சேர்ந்து செய்த சரக்கு இது.

இன்னொரு வேடிக்கையும் பாருங்கள். கிறிஸ்து பிறந்த தேதியை பைபிள் சொல்லவில்லை. அதனாலேயே 1659-ல் மாசசூசெட்ஸ் நாட்டுக் கிறிஸ்தவர்கள், கிறிஸ்துமஸ் கொண்டாடுகிறவனுக்கு 5 ஷில்லிங் அபராதம் என்று சட்டம் செய்தார்கள். 1681-ல்தான் அதை எடுத்தார்கள். 1951-ல் பிரான்ஸ் தேசத்து திஜோன் நகரத்தில், டிசம்பர் 23-ந் தேதி, மாதாகோவிலுக்கு முன்னால் குழந்தைகளைக் கூட்டி வைத்துக்கொண்டு, பாதிரிமாரின் ஆதரவோடு தாத்தாவின் உருவத்தைக் கொளுத்தினார்கள். கொளுத்தின காரணம் அது பொய் என்பதல்ல; தங்கள் சாமிக்குப் போக வேண்டிய மரியாதையை அது தட்டிக்கொண்டு போகிறதென்பதுதான். மறுநாளே தாத்தா நகரசபைக் கட்டடத்தின் கூரைமேல் எழுந்தருளிவிட்டார்! ஒரு கடைக்காரன் மற்றொரு கடைக்காரன்மேல் கொள்ளும் பொறாமைக்குப் பகுத்தறிவென்று பேர் கொடுக்க முடியுமா?

இதனால் வரும் கேடுகள் என்ன என்று கேட்கலாம். மூன்றைச் சொல்லுகிறோம்.

முதலாவது, இது தாயின் உழைப்பைத் திருடுகிறது. பண்டிகைக்குப் பல நாட்களுக்கு முன்பிருந்தே யாருக்கு என்ன வேண்டுமென்று கணக்குப் பார்ப்பவள் யார்? கடை கடையாய் அலைந்து, குழந்தை தூங்கின பிறகு காகிதம் சுற்றிக் கட்டுகிறவள் யார்? விடியுமுன் எழுந்து அடுப்பில் வான்கோழியை வேகவைக்கிறவள் யார்? பெரும்பாலும் அந்த வீட்டுப் பெண்பிள்ளை. அம்மா கைநிறையக் காகிதமும் நூலுமாக உட்கார்ந்திருப்பதை இரண்டு வயதுக் குழந்தை கண்ணால் கண்டும் இருக்கும். ஆனால் காலையில் அவளே குழந்தையிடம் "தாத்தா கொடுத்தார்" என்கிறாள். தன் உழைப்பைத் தானே இல்லையென்று சொல்லி, இல்லாத ஓர் ஆண்பிள்ளைக்கு அந்தப் புகழைக் கட்டுகிறாள். உழைக்கிறவள் ஒருத்தி, கும்பிடு வாங்குகிறவன் ஒருவன் என்ற பாடம் தொட்டிலிலேயே தொடங்கிவிடுகிறது.

இரண்டாவது, இது ஏழைப் பிள்ளையின் சுயமரியாதையைக் கொல்லுகிறது. நல்ல பிள்ளைக்குத் தாத்தா நிறையக் கொடுப்பார், கெட்ட பிள்ளைக்குக் கரிக்கட்டிதான் என்பது அங்கே வழங்கும் பேச்சு. சீமான் வீட்டுப் பிள்ளைக்குச் சைக்கிள் வருகிறது. கூலிக்காரன் பிள்ளைக்குக் காலுறை இரண்டு வருகிறது. அப்பாவின் கூலி குறைவு என்று சொன்னால் அந்தப் பிள்ளைக்கு அர்த்தமாகும். பெரியவனானதும் கூலி ஏன் குறைவென்று கேட்கவும் கேட்கும். நல்லது கெட்டது பார்த்துத் தாத்தா கொடுத்தார் என்றால் அது என்ன நினைக்கும்? "நான் என்ன தப்புச் செய்தேன்?" என்றுதானே நினைக்கும். பணக்காரன் புண்ணியம் செய்தவன், ஏழை பாவம் செய்தவன் என்று நமக்குச் சொல்லிக் கொடுத்த கர்ம பலன் இதுவல்லாமல் வேறென்ன? நம்மிடம் அது போன ஜன்மத்துக் கணக்கு. அவர்களிடம் போன வருஷத்துக் கணக்கு. வித்தியாசம் அவ்வளவுதான்.

மூன்றாவது, இது ஒழுக்கத்துக்குப் பதில் ஒற்றனைக் கற்பிக்கிறது. தாத்தா பார்த்துக்கொண்டிருக்கிறார், பட்டியல் எழுதுகிறார் என்று மிரட்டுகிறார்கள். அதுவும் போதாமல், 2005 முதல் அமெரிக்காவில் ஒரு குட்டிப் பொம்மையை விற்கிறார்கள். அது அலமாரிமேல் உட்கார்ந்து குழந்தையை வேவு பார்த்து, ராத்திரியில் பறந்து போய்த் தாத்தாவிடம் கோள் சொல்லுமாம். குழந்தை அதைத் தொடவும் கூடாதாம். தம்பியை அடித்தால் தம்பிக்கு வலிக்கும் என்று தெரிந்து அடிக்காமலிருக்கிற பிள்ளை மனிதனாவான். அலமாரி பார்க்கிறதென்று பயந்து அடிக்காத பிள்ளை, அலமாரி இல்லாத இடத்தில் என்ன செய்வான்?

இதையெல்லாம் நாம் மாத்திரம் சொல்லவில்லை. கனடா தேசத்தில் பிராக் சிஷோம் என்ற மனநோய் வைத்தியர், அந்தச் சர்க்காரின் சுகாதார இலாகாவில் பெரிய உத்தியோகத்திலிருந்தபோது, 1945-ல், இந்தத் தாத்தாக் கதையை உண்மையென்று நம்பவைப்பது குழந்தையின் சிந்திக்கும் சக்தியையே கெடுப்பதாகும் என்று வெளிப்படையாகப் பேசினார். உடனே அவரை வேலையைவிட்டுப் போகச் சொல்லிக் கூச்சல் கிளம்பிற்று. அவர் அஞ்சவில்லை. 1948-ல் உலக சுகாதார ஸ்தாபனத்துக்கு முதல் தலைமை அதிகாரியாக வந்தவர் அவரே. உலகத்தாரின் உடம்பைப் பார்த்துக்கொள்ளத் தகுதியுள்ளவராக இருந்தவர், ஒரு வீட்டுக் குழந்தையின் மூளையைப் பற்றிப் பேசத் தகுதியில்லாதவரா?

"குழந்தைக்கு ஒரு விளையாட்டு, ஒரு கற்பனை வேண்டாமா? நீங்கள் பிள்ளைகளின் சிரிப்பையும் கெடுக்கிறீர்களே" என்று சிலர் கேட்கக்கூடும். விளையாட்டு வேறு, ஏமாற்று வேறு. அட்டைப்பெட்டிக்குள் உட்கார்ந்துகொண்டு மோட்டார் ஓட்டுகிற குழந்தைக்கு அது அட்டைப்பெட்டி என்று தெரியும், தெரிந்துதான் சிரிக்கிறது. ஏமாற்றில் ஒருவருக்குத் தெரியும், மற்றவருக்குத் தெரியாது. தெரியாதவரைப் பார்த்துத் தெரிந்தவர் சிரிக்கிறார். பகல் குறுகி, குளிர் மிகுந்த அந்தத் தேசங்களில் நடுக் குளிர்காலத்தில் விளக்கேற்றி, உறவினர் கூடி, பிள்ளைகளுக்குப் பண்டம் கொடுத்துச் சந்தோஷமாயிருப்பதை நாம் குறை சொல்லவில்லை. அந்தச் சந்தோஷத்துக்கு ஒரு பொய் எதற்கு என்றுதான் கேட்கிறோம். தாத்தா வேஷம் போட வேண்டுமானால் போடட்டும். தாடியை எடுத்துக் குழந்தையின் கையிலேயே கொடுத்து, "இது பஞ்சு, நான்தான் உன் மாமா" என்று சொல்லட்டுமே. அழுத குழந்தையும் சிரிக்கும்.

இவ்வளவும் படித்துவிட்டு, வெள்ளைக்காரன் வண்டவாளம் வெளியாயிற்று என்று நம்மவர்கள் மகிழ்ந்துபோக வேண்டாம். நம் வீட்டில் என்ன நடக்கிறது? சோறுண்ணாத பிள்ளைக்குப் பூச்சாண்டி. பொய் சொன்ன பிள்ளைக்குச் சாமி கண்ணைக் குத்தும். பரீட்சையில் தேறினால் பிள்ளையாருக்குத் தேங்காய். இராத்திரியெல்லாம் படித்த பிள்ளையும், அவனுக்கு விளக்கெண்ணெய் வாங்கக் காசு தேடிய தகப்பனும் கணக்கிலே இல்லை. அந்த வெள்ளைக்காரப் பிள்ளைக்காவது ஏழெட்டு வயதில் உண்மை தெரிந்துவிடுகிறது. "தாத்தா இல்லை, நாங்கள்தான் வாங்கினோம்" என்று தாய் தகப்பனே ஒப்புக்கொள்ளுகிறார்கள். நம் பிள்ளைக்கோ எண்பது வயதாகி, பல்லெல்லாம் போய், தானே ஒரு தாத்தாவான பிறகும் யாரும் வந்து சொல்லுவதில்லை! சொல்ல வந்தவனை நாத்திகன் என்று கல்லால் அடிக்கிறார்கள்.

ஆகவே தாய்மார்களுக்கும் தோழர்களுக்கும் நாம் சொல்லுவது இதுதான். தீபாவளியானாலும் பொங்கலானாலும் கிறிஸ்துமஸானாலும், குழந்தையின் கையில் ஒரு சட்டையோ பொம்மையோ கொடுக்கிறபோது, அது எங்கிருந்து வந்ததென்ற உண்மையையும் சேர்த்துக் கொடுங்கள். "இது அப்பா வேலை செய்த கூலியில் வாங்கினது, இதை அம்மா தைத்தாள், இந்தத் துணியை ஒரு நெசவாளி நெய்தான்" என்று சொல்லுங்கள். இரண்டு வயதுக் குழந்தைக்கு அது முழுதும் புரியாமலிருக்கலாம். ஆனால் சொன்னவளின் முகத்தைப் பார்க்கும். நன்றி சொல்ல வேண்டிய முகம் இன்னதென்று அதற்குத் தெரிந்துவிட்டால், பிற்காலத்தில் எந்தப் புரோகிதனும் எந்தப் பாதிரியும் எந்தக் கம்பெனிக்காரனும் அந்த முகத்தை மறைத்துவிட முடியாது.