கத்தரிக்காய் வண்டியும் க்ஷேத்திர கணிதமும்

2020-ம் வருஷம் மே மாதம் 5-ந் தேதி கோயம்பேடு மொத்தச் சந்தையை மூடிவிட்டார்கள். கொள்ளை நோய் அங்கே புகுந்துவிட்டதுதான் காரணம். 1996-ல் கொத்தவால்சாவடி வியாபாரம் அங்கே குடியேறியது முதல், சென்னைப் பட்டணத்துக் குழம்புச் சட்டிகள் பெரும்பாலும் அந்த ஓரிடத்தையே நம்பியிருந்தன. சில தினங்களில் பூவிருந்தவல்லிக்கு மேற்கே திருமழிசையில் தற்காலிகச் சந்தை ஒன்று எழும்பிற்று. அம்பத்தூருக்கும் ஆவடிக்கும் காய்கறி வரும் வழியெல்லாம் தலைகீழாயின. செப்டம்பர் மாதம் வரையில் இந்தப் பாடுதான்.

இதில் கணித சாஸ்திரத்துக்கு என்ன வேலை என்று நேயர்கள் கேட்கலாம். எங்கிருந்து எங்கே எத்தனை வண்டி அனுப்பினால் கூலி மிகக் குறையும் என்பது பழைய கேள்வி. 1781-ல் பிரெஞ்சு தேசத்து மோன்ழ், மண்ணை வெட்டி மேடு கட்டும் வேலையை வைத்து அதை எழுப்பினார். 1942-ல் ருஷ்யாவின் காந்தரோவிச் அதற்குப் புது உருவம் கொடுத்தார்.

கோயம்பேடு, திருமழிசை இரண்டிலும் பத்துப் பத்து வண்டிக் காய் இருப்பதாகவும், அம்பத்தூருக்கும் ஆவடிக்கும் பத்துப் பத்து வேண்டுமென்றும் வைத்துக்கொள்வோம். கோயம்பேடு–அம்பத்தூர், திருமழிசை–ஆவடி ஆகிய வழிகளில் வண்டிக்கு 400 ரூபாய்; மாற்றி அனுப்பினால் 500. கோயம்பேட்டிலிருந்து அம்பத்தூர் போகும் வண்டிகள் இத்தனை என்று நிச்சயித்துவிட்டால், மற்றவை தாமே நிச்சயமாகிவிடும். ஆகவே எல்லா ஏற்பாடுகளும் 0 முதல் 10 வரை நீண்ட ஒரு கோட்டில் அடங்கிவிடுகின்றன. மலிவான ஏற்பாடு 10 என்ற முனையில் நிற்கிறது. மொத்தக் கூலி 8,000 ரூபாய்.

ஆபத்தும் அந்த முனையிலேதான். மாற்று வழியின் கூலி 401 ரூபாயாகும் வரையில் முனை அசையாது. 399 ஆகட்டும், விடை ஒரே தாவலில் 0 என்ற மறுமுனைக்குப் போய்விடும். இரண்டு ரூபாய் வித்தியாசத்துக்காக இருபது வண்டியும் திசை மாறவேண்டும்!

பத்துச் சந்தை, பத்து ஊர் என்றால் கோடு போய், பட்டை தீட்டிய வைரம் போல் எண்ணற்ற முனைகள் கொண்ட உருவம் வந்துவிடுகிறது. நூறு பாதைகளில், முனையில் நிற்கும் ஏற்பாடு 19-க்கு மேல் தொடாது.

இதற்குப் பரிகாரம், சரக்கைச் சில பாதைகளிலேயே குவிப்பதற்கு ஓர் அபராதம் விதிப்பது. ‘எண்ட்ரோபி’ என்ற அளவையால் அதைக் கணக்கிடுகிறார்கள். உடனே விடை முனையை விட்டு வைரத்தின் உள்ளே வந்துவிடுகிறது. அபராதம் ஏற ஏற நடுமையத்தையும், குறையக் குறைய முனையையும் நோக்கி வழுவழுப்பான ஒரு வளைகோட்டில் நகர்கிறது. நமது உதாரணத்தில் அபராதத்தின் அளவை 100 ரூபாய் என்று வைத்தால், 10 வண்டி ஏறத்தாழ 7.3 ஆகிறது. அப்போது 401, 399 ஆனாலும் விடை இருபதில் ஒரு வண்டிப் பங்குதான் நகரும். கணக்கும் சுலபமாகிறது: அட்டவணையின் வரிசைகளையும் பத்திகளையும் மாறிமாறிச் சரிக்கட்டிக்கொண்டே போனால் போதும். பெரிய கணக்குகளுக்கு இது எவ்வளவு விரைவானது என்பதை 2013-ல் மார்க்கோ குத்தூரி எடுத்துக் காட்டினார்.

இத்தகைய பங்கீடுகளைப் புள்ளிகளாகவும், அவற்றின் வேற்றுமையைத் தூரமாகவும் காணும் வடிவக் கணிதத்துக்கு 1945-லேயே கல்கத்தாவிலிருந்து வழிகாட்டியவர் நம் ஸி. ஆர். ராவ் என்பதை நினைக்கப் பெருமையாயிருக்கிறது.

ஆனால் இது இலவசமன்று. 8,000 ரூபாய்க் கூலி ஏறத்தாழ 8,540 ஆகிறது. மேற்கொண்டு கொடுக்கும் இந்த 540 ரூபாய், எல்லாப் பாதைகளிலும் கொஞ்சம் வண்டி ஓடிக்கொண்டிருப்பதற்கான விலை. வீண் செலவென்று தோன்றும். ஒரு பாதை அடைபடும் நாளில் தோன்றாது. பெரிய கடையில் மலிவென்று தெரிந்தும், வாசலில் கூவி வரும் கூடைக்காரியிடம் தினமும் கொஞ்சம் வாங்கிவைக்கும் அம்பத்தூர்ப் பாட்டிமார்களுக்கு இந்தக் கணக்கு எப்போதோ தெரியும்.