வாசிக்காமல் இட்ட கையெழுத்து: நிம்ரொட் விமானமும் பதினான்கு உயிர்களும்

2006 ஆம் ஆண்டு செப்டெம்பர் 2 ஆம் நாள், ஆப்கானிஸ்தானின் கந்தகார் நகரை அண்டிய வான்பரப்பில் பிரித்தானிய வான்படையின் நிம்ரொட் வேவு விமானம் ஒன்று தீப்பற்றி வெடித்துச் சிதறியது. அதில் இருந்த 14 பேரில் ஒருவரும் தப்பவில்லை. 1982 ஆம் ஆண்டின் போக்லண்ட் போருக்குப் பின்னர் ஒரே நிகழ்வில் பிரித்தானியப் படைகள் சந்தித்த மிகப் பெரிய உயிரிழப்பு இதுவேயாகும். எதிரியின் ஏவுகணை எதுவும் அந்த விமானத்தைத் தொடவில்லை. விமானிகளும் தவறிழைக்கவில்லை. அவர்களைக் கொன்றது, "எல்லாம் சரியாக உள்ளது" என்று தரையில் இருந்தவர்கள் இட்ட கையெழுத்து.

இந்த முடிவுக்கு வருவதற்குப் போர் எதிர்ப்பாளர்களின் துண்டுப்பிரசுரங்களைத் தேடவேண்டியதில்லை. பிரித்தானிய அரசே நியமித்த மூத்த சட்டத்தரணி சார்ல்ஸ் ஹடன்-கேவ் 2009 ஒக்டோபர் 28 இல் வெளியிட்ட ஆய்வறிக்கை அந்தத் தவறுகளை ஒவ்வொன்றாக எண்ணிக் காட்டியுள்ளது. தலைமை, பண்பாடு, முன்னுரிமை ஆகிய மூன்றினதும் தோல்வி என அறிக்கையின் தலைப்பே தீர்ப்பளித்து விட்டது.

நடந்தது என்ன? 1969 இல் சேவைக்கு வந்த அந்த விமானம் அன்று நடுவானில் மற்றொரு விமானத்திடமிருந்து எரிபொருள் நிரப்பிக்கொண்டது. நிரப்பி முடிந்து ஏறத்தாழ ஒன்றரை நிமிடத்தில் தீ எச்சரிக்கை ஒலித்தது. அடுத்த ஆறு நிமிடங்களில் எல்லாம் முடிந்துவிட்டது. நிரப்பும்போது வழிந்த எரிபொருளோ, குழாய் இணைப்பொன்றில் கசிந்த எரிபொருளோ, கடும் வெப்பக் காற்றைக் கொண்டுசெல்லும் ஒரு குழாயில் பட்டுத் தீப்பற்றியது. தீப்பொறியே தேவையில்லாத அளவுக்கு அந்தக் குழாய் சூடானது. தீ மூண்ட இடத்தில் தீயணைக்கும் கருவி இல்லை. கையில் கருவியோடு சென்று அணைப்பதற்கு வழியும் இல்லை.

எரிபொருள் தேங்கக்கூடிய இடத்தில் கொதிக்கும் குழாய் எவ்வாறு வந்தது என்ற கேள்விக்கான விடையில்தான் முழுப் பாடமும் அடங்கியுள்ளது. இயந்திரங்களை மீள இயக்குவதற்கான வெப்பக் காற்றுக் குழாய் தொடக்கத்திலேயே அங்கு இருந்தது. 1979 அளவில் மேலதிகக் குளிரூட்டி ஒன்று பொருத்தப்பட்டபோது, அதற்கான வெப்பக் காற்று பறப்பின் பெரும்பகுதி நேரமும் அங்கு ஓடத்தொடங்கியது. 1982 இல் போக்லண்ட் போரின் அவசரத்தில் நடுவானில் எரிபொருள் நிரப்பும் வசதி சேர்க்கப்பட்டு, 1989 இல் அதுவே நிரந்தரமாக்கப்பட்டது. ஒவ்வொரு மாற்றமும் தனித்தனியே பார்க்கையில் பயனுள்ளது. மூன்றையும் ஒருங்கே வைத்துப் பார்த்தால் அது நெருப்புக்குப் பக்கத்தில் வைத்த பஞ்சு. ஒருங்கே வைத்துப் பார்க்க வேண்டிய பொறுப்பு எவருடையதோ, அவர்கள் பார்க்கவில்லை.

எச்சரிக்கை எதுவும் கிடைக்கவில்லை என்று எவரும் தப்பித்துக்கொள்ள முடியாது. 2004 நவம்பரில் மற்றொரு நிம்ரொட்டில் இதே வெப்பக் காற்று அமைப்பின் குழாய் வெடித்தது. அந்த விமானம் பாதுகாப்பாகத் தரையிறங்கியது. தரையிறங்கியதாலேயே அந்த எச்சரிக்கையின் முழுப் பொருளையும் எவரும் உணரவில்லை.

இவை அனைத்தையும் கண்டுபிடிப்பதற்கென்றே ஒரு பணி அப்போது நடந்துகொண்டிருந்தது என்பதே இதில் மிகக் கொடுமையானது. 1988 இல் வடகடலின் பைப்பர் அல்பா எண்ணெய் மேடையில் 167 பேர் மாண்ட பின்னர், ஆபத்துகளைத் தேடிக் கண்டறிந்து அவை கட்டுப்படுத்தப்பட்டுள்ளன என்பதை ஆதாரத்துடன் நிறுவும் ஆவணமுறை பிரித்தானியாவில் வலுப்பெற்றது. நிம்ரொட்டுக்கான அத்தகைய ஆவணம் 2001 முதல் 2005 வரை தயாரிக்கப்பட்டது. எழுதியது பிஏஈ சிஸ்டம்ஸ் நிறுவனம். மேற்பார்வை செய்தது பாதுகாப்பு அமைச்சின் நிம்ரொட் குழு. சுயாதீன ஆலோசகராக இருந்தது கினெடிக் நிறுவனம்.

அறிக்கை கூறுவதைக் கேளுங்கள். அடையாளம் காணப்பட்ட ஆபத்துகளில் 40 வீதத்திற்கும் அதிகமானவை முடிவு காணப்படாமல் விடப்பட்டன. 30 வீதத்திற்கும் அதிகமானவை வகைப்படுத்தப்படவேயில்லை. ஆயினும் பணி நிறைவுற்றதாகக் காட்டப்பட்டது. 14 பேரைக் கொன்ற அந்த ஆபத்து, நிகழும் வாய்ப்பு மிக அரிது என்ற வகையில் தள்ளப்பட்டிருந்தது. சுயாதீன ஆலோசகரோ, பிஏஈ நிறுவனத்தின் அறிக்கைகளை வாசிக்காமலேயே ஒப்புதல் அளித்ததாக ஹடன்-கேவ் கண்டறிந்தார்.

நிம்ரொட் என்பது கொமெற் பயணிகள் விமானத்தின் வழிவந்தது. 1954 இல் இரண்டு கொமெற் விமானங்கள் அடுத்தடுத்து வீழ்ந்தபோது, பார்ண்பரோ ஆய்வுநிலையத்தின் அறிஞர்கள் ஒரு முழு விமான உடலையே நீர்த்தொட்டியில் இட்டு, அழுத்தத்தை ஏற்றி இறக்கிச் சோதித்து, உலோகக் களைப்பே காரணம் என்று உலகுக்கு நிறுவினர். அந்த நிலையத்தின் மரபு பின்னாளில் தனியார்மயமாகிக் கினெடிக் என்ற பெயரில் நின்றது. உண்மையைத் தேடி விமானத்தையே நீரில் மூழ்கடித்த மரபு, அரை நூற்றாண்டில் வாசிக்காமல் கையெழுத்திடும் நிலைக்கு வந்ததை வீழ்ச்சி என்றல்லாமல் வேறென்ன சொல்வது?

இந்த வீழ்ச்சிக்குக் காரணம் தனிமனிதரின் சோம்பல் மட்டுமல்ல. 1998 ஆம் ஆண்டின் பாதுகாப்பு மீளாய்வுக்குப் பின்னர் படைத்துறை வழங்கல் அமைப்பின் செலவை 2005 க்குள் 20 வீதத்தால் குறைக்குமாறு இலக்கு வைக்கப்பட்டது. மேலதிகாரிகளின் கண் கணக்கேட்டில் பதிந்தபோது விமானத்தின் மீதிருந்த கண் விலகியது. அதற்கு மேல், "முப்பது ஆண்டுகளாகப் பறக்கிறது, ஆகவே பாதுகாப்பானதுதான்" என்ற நம்பிக்கை அனைவரிடமும் வேரூன்றியிருந்தது. 2003 இல் கொலம்பியா விண்ணோடத்தின் ஏழு பேரையும் பலிகொண்டது இதே மனநிலைதான். முன்னரும் நுரைத்துண்டுகள் கழன்று மோதியும் விண்ணோடம் திரும்பி வந்தது. ஆகவே இனியும் வரும் என்று எண்ணினார்கள். நேற்று விழாத சுவர் இன்றும் விழாது என்பது நம்பிக்கை மட்டுமே. அதைச் சான்றாகக் கொள்ளும் பொறியியலாளர் தன் தொழிலைக் கைவிட்டவர் ஆவார்.

போர் என்றாலே ஆபத்துதானே, படையில் சேர்ந்தவர்கள் அதை ஏற்றுத்தானே சேர்ந்தார்கள் என்று சிலர் வாதிடலாம். எதிரியின் குண்டுக்கு நெஞ்சைக் காட்டச் சம்மதித்தவர், தன் அமைச்சின் அலட்சியத்துக்கும் சம்மதித்தவர் ஆகமாட்டார். வேவு விமானத்தின் இரைச்சல் கேட்டுப் பதுங்குகுழிக்கு ஓடிய ஈழத்தமிழர் சிலருக்கு, அதனுள் இருந்தவர்களுக்காக ஏன் வருந்த வேண்டும் என்ற கேள்வியும் எழலாம். அக்கேள்வியின் வலி புரிந்துகொள்ளக் கூடியது. ஆயினும், தன் சொந்தப் படையினரின் சாவுக்கே பதில் சொல்ல மறுக்கும் ஓர் அரசிடம், அந்நியரின் சாவுக்குப் பதில் பெறுவது எவ்வாறு? அதிகாரத்தைக் கணக்குக் கேட்கும் வழக்கம் எங்கு வலுப்பெற்றாலும் அது நலிந்தோருக்கே பயன்படும்.

கணக்குக் கேட்டவர்கள் இறந்தவர்களின் குடும்பத்தினர். 2008 மே மாதத்தில் மரண விசாரணை அதிகாரி அன்ட்ரூ வோக்கர், நிம்ரொட் விமானங்கள் சேவைக்கு வந்த நாளிலிருந்தே பறக்கத் தகுதியற்றவையாக இருந்தன என்று தீர்ப்புரைத்து, அவற்றை நிறுத்தி வைக்குமாறு கேட்டார். விமானங்கள் தொடர்ந்து பறக்கும் என்று அரசு உடனேயே பதிலளித்தது. நடுவானில் எரிபொருள் நிரப்புவதும் அந்த வெப்பக் குழாயின் பயன்பாடும் நிறுத்தப்பட்டுவிட்டன என்பதே அதன் நியாயம். 14 பேர் இறந்த பின்னர் நிறுத்தக்கூடியதாயிருந்ததை முன்னரே நிறுத்தியிருக்க முடியாதா? குடும்பங்கள் ஓயவில்லை. அறிக்கை வெளிவந்தது, அரசு மன்னிப்புக் கேட்டது, 2010 ஏப்ரலில் படைத்துறை விமானப் பாதுகாப்புக்கெனத் தனி அதிகாரசபை உருவானது. அதற்கு முந்தைய மாதமே எஞ்சிய நிம்ரொட் கடல்வேவு விமானங்கள் ஓய்வுபெற்றன.

புலம்பெயர் பெற்றோர் தம் பிள்ளைகளைப் பொறியியலுக்கு அனுப்புவதில் பெருமை கொள்கின்றனர். அந்தப் பிள்ளைகளில் பலர் நாளை விமானத்துறையிலும், தொடருந்துத்துறையிலும், மருத்துவக் கருவிகளைத் தயாரிக்கும் நிறுவனங்களிலும் ஒப்பமிடும் இடத்தில் அமரப்போகின்றனர். மேலதிகாரி அவசரப்படுத்துவார். வாடிக்கையாளர் காத்திருப்பார். "சின்ன விடயம், போட்டுவிடு" என்று பக்கத்து இருக்கையிலிருந்து ஒரு குரல் வரும். வந்த நாட்டில் வேலையைக் காப்பாற்றிக்கொள்ள வேண்டும், வாய் திறக்காதே என்று வீட்டில் சொல்லி வளர்க்கப்பட்ட பிள்ளை அந்த நேரத்தில் என்ன செய்யும்?

ஆகவே பட்டத்தோடு சேர்த்து ஒன்றைப் பெற்றோர் கற்பித்தாக வேண்டும். வாசிக்காத தாளில் ஒப்பமிடாதே. விளங்காததை விளங்கவில்லை என்று சொல். திறந்து கிடக்கும் ஆபத்தை மூடியதாக எழுதாதே. அதனால் ஒரு பதவியுயர்வு தாமதிக்கலாம். கந்தகார் வானில் எரிந்த பதினான்கு பேரின் பிள்ளைகளுக்கு, தந்தையர் திரும்பி வரவேயில்லை.