கண்ணாடித் தளமும் காகித அத்தாட்சியும்

மட்டக்களப்பு வாவிக்கரையில் கட்டடம் எழுப்புவோர் எவரும் வாவியை மறைத்துக் கட்ட விரும்பார். ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீளத்துக்கு நீண்டு கிடக்கும் அந்த நீர்ப்பரப்பை யன்னலூடே பார்த்தது போதாதென்று, காலடியிலேயே காணவேண்டும் என்னும் ஆசை இப்பொழுது எங்கும் எழுந்துள்ளது. கன்னியாகுமரியில் விவேகானந்தர் பாறையையும் திருவள்ளுவர் சிலையையும் இணைக்கும் கண்ணாடிப் பாலம் 2024 டிசம்பர் 30ஆம் நாள் திறக்கப்பட்டது. 77 மீற்றர் நீளமும் 10 மீற்றர் அகலமும் கொண்ட அப்பாலத்தின் படத்தைப் பார்த்த நம்மவர் மனத்தில், கல்லடியில் இப்படி ஒன்று வந்தாலென்ன என்ற எண்ணம் தோன்றுவது இயல்பே.

வரட்டும். நாம் அதற்குத் தடை சொல்ல வரவில்லை. ஆனால், திறந்த வெளியிலே நீரின்மீது கிடக்கும் பாலம் வேறு. கட்டடத்தினுள்ளே ஒரு மாடிக்கும் மறுமாடிக்கும் இடையில் கிடக்கும் கண்ணாடித் தளம் வேறு. பாலத்துக்குப் பகை காற்றும் உப்பும். மாடித் தளத்துக்குப் பகை நெருப்பு. இவ்வேற்றுமையை உணராமல் முன்னதைக் கண்ட ஆசையிலே பின்னதைக் கட்டத் துணிவோமாயின், அது மக்களின் உயிரோடு விளையாடுவதாகவே முடியும்.

கீழ்மாடியிலே தீப்பற்றிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். மேல்மாடியிலே இருப்பவர்கள் படிக்கட்டை அடைவதற்கு அந்தத் தளத்தின்மீதே நடந்து வரவேண்டும். தளம் மூன்று கடமைகளைச் செய்தாகவேண்டும். பாரத்தைத் தாங்கி நிற்கவேண்டும். சுவாலையையும் சுடுபுகையையும் மேலே விடாது தடுக்கவேண்டும். மேற்பரப்புச் சூடேறிக் காலைப் பொசுக்காமலும் இருக்கவேண்டும். கொங்கிரீட்டுத் தளம் தன் தடிப்பினாலேயே இவற்றைப் பெரும்பாலும் செய்துவிடுகிறது. கண்ணாடி அப்படியன்று.

தளத்துக்கு இடும் கண்ணாடி பல தகடுகளை ஒட்டிச் செய்யப்படுவது. ஒரு தகடு உடைந்தாலும் மற்றவை தாங்கும் என்பதே அதன் தத்துவம். சாதாரண நாளில் அது சரியான தத்துவமும் ஆகும். நெருப்பு நாளிலோ முதலில் தோற்பது கண்ணாடியன்று, தகடுகளுக்கு நடுவேயுள்ள பிளாத்திக்கு ஒட்டுப்படலமே. அது இளகியதும் தகடுகள் ஒன்றாக நின்று உழைப்பதை விட்டு ஒவ்வொன்றும் தனித்தனியே வளையத் தொடங்கும். கண்ணாடியைச் சூடேற்றித் திடீரெனக் குளிர்வித்து ஊட்டிய வலுவும் மீண்டும் சூடேறத் தளர்ந்துவிடும். ஏறத்தாழ 550 பாகையில் சாதாரணக் கண்ணாடி தன் விறைப்பையே இழக்கிறது. சர்வதேச நியம முறைப்படி நடத்தும் சோதனை உலையின் வெப்பமோ அரைமணி நேரத்தில் 842 பாகையையும் ஒரு மணி நேரத்தில் 945 பாகையையும் எட்டுகிறது. கிடுகு வேய்ந்த வீடு சில நிமிடங்களிற் சாம்பலானதைக் கண்ட நமக்கு நெருப்பின் வேகத்தை எவரும் எடுத்துச் சொல்லவேண்டியதில்லை. கண்ணாடியும் உருக்கும் பார்வைக்குத் திடமானவை என்பதால் நாம் ஏமாறுகிறோம், அவ்வளவுதான். 600 பாகையில் உருக்குங்கூடத் தன் வலுவில் பாதிக்குமேல் இழந்துவிடுகிறது.

தீயைத் தாங்கும் கண்ணாடித் தளம் என்று ஒன்று இல்லாமலில்லை. பாரம் தாங்கும் கண்ணாடியை மேலே வைத்து, அதன் கீழே தீத்தடுப்புக் கண்ணாடியை வைப்பதே அதன் அமைப்பு. இந்தக் கீழ்க்கண்ணாடியின் தகடுகளுக்கிடையே சோடியம் சிலிக்கேற்றுப் படலங்கள் உள்ளன. வெப்பம் 120 பாகையளவுக்கு ஏறியதும் அவை நுரைத்துப் பொங்கி, வெண்மையாகத் திரைபோட்டு, மேலேயுள்ள கண்ணாடிக்கு வெப்பம் செல்லாமல் தடுக்கின்றன. அதாவது, மேற்கண்ணாடி பாரத்தைத் தாங்கி நிற்கக் கீழ்க்கண்ணாடி தன்னையே பலியிடுகிறது. இவற்றை ஏந்தும் உருக்குச் சட்டத்துக்கும் தீக்காப்புப் பூச்சோ பலகையோ வேண்டும். சட்டம் வளைந்தால் கண்ணாடி எவ்வளவு சிறந்ததாயினும் பயனில்லை.

நாம் முக்கியமாகச் சொல்லவந்தது இனித்தான். கடையிலே விற்பனையாகும் தீத்தடுப்புக் கண்ணாடிகளில் மிகப் பல, சுவருக்கும் கதவுக்கும் என நிறுத்தி வைத்துச் சோதிக்கப்பட்டவை. அவற்றின் மீது ஒருவரும் ஏறி நின்றதில்லை. அந்த அத்தாட்சிப் பத்திரத்தைக் கொண்டுவந்து தளத்துக்குக் காட்டினால் அது செல்லாது. ஐரோப்பிய நியமம் 1365இன் இரண்டாம் பகுதி, தளத்தைக் கிடையாக வைத்து, மேலே பாரம் ஏற்றி, கீழேயிருந்து தீயிட்டுச் சோதிக்கச் சொல்கிறது. மேற்பரப்பின் வெப்பம் சராசரி 140 பாகைக்கும், எந்த ஓரிடத்திலும் 180 பாகைக்கும் மேல் உயரலாகாது. மூன்று கடமைகளிலும் தேறியதற்கே 'ஆர்.ஈ.ஐ.' என்ற குறியும் அதன்பின் நிமிடக் கணக்கும் வழங்கப்படுகின்றன. 'ஆர்' என்பதே பாரம் தாங்குவதைக் குறிக்கும் எழுத்து. அவ்வெழுத்து இல்லாத பத்திரம் தளத்துக்கான பத்திரமன்று. எவ்வளவு பாரம் ஏற்றிச் சோதித்தார்கள் என்பதையும் கேட்கவேண்டும். மக்கள் நெருங்கிக் கூடும் மண்டபத்துக்குச் சதுர மீற்றருக்கு 5 கிலோநியூட்டன், அதாவது ஏறத்தாழ 500 கிலோகிராம் என்ற கணக்கிலேயே தளத்தை வடிவமைப்பது பொறியியலாளர் வழக்கம்.

பத்திரத்தில் இவ்வளவு பிடிவாதம் எதற்கு என்று சிலர் கேட்கலாம். இலண்டன் மாநகரில் கிரென்பெல் கோபுரம் 2017 யூன் 14ஆம் நாள் எரிந்து 72 பேர் மாண்டனர். அக்கோபுரத்துக்கு மேலுறை இட்டவர்களிடம் பத்திரம் இல்லாமலில்லை. மேலுறைப் பொருள்களைச் செய்து விற்றவர்கள் சோதனைகளைத் திரித்தும் மறைத்தும் சந்தையை ஏமாற்றினர் என்று 2024 செப்டம்பரில் வெளியான விசாரணை அறிக்கை கூறிற்று. செல்வமும் சட்டமும் நிறைந்த நாட்டிலேயே அந்தக் கதி. நம் நாட்டுக் கேள்விப்பத்திரங்களிலோ "அல்லது இதற்கு ஒப்பானது" என்று ஒரு சொற்றொடர் வருவதுண்டு. பொறியியலாளர் நல்ல பொருளையே எழுதுவார். குறைந்த விலை கூறியவர் 'ஒப்பானது' என்று வேறொன்றைக் கொண்டுவருவார். தளம் முடிந்து பளபளக்கும்போது எது எது என்று யாராலும் பிரித்தறிய முடியாது. கண்ணாடிக்குள் மறைந்திருக்கும் படலத்தைக் கண்ணாடியூடே காண முடியாது என்பது ஒரு வேடிக்கையே!

நமது பிரதேசத்துக்கென்று சில கவலைகளும் உண்டு. நுரைக்கும் படலம் ஈரத்துக்குப் பகை. ஓரத்தின் அடைப்பு சிறிது விட்டுப்போனாலும் வாடைக்காற்றின் ஈரம் உட்புகுந்து, படலம் பால்போல் மங்கித் தன் குணத்தை இழக்கும். நிலையாக 50 பாகைக்கு மேற்பட்ட சூடும், நேர் வெயிலும் அதற்கு ஆகா. வாவியை நோக்கிய வெயில் முகப்பில் வைப்பதென்றால் அதற்கேற்ற வகையை உற்பத்தியாளரிடம் எழுத்திற் கேட்டுப் பெறவேண்டும். சட்டத்துக்கும் திருகாணிக்கும் உப்புக்காற்றைத் தாங்கும் உயர்தரத் துருவேறா உருக்கே தகும். 1978 நவம்பர்ச் சூறாவளியையும் 2004 டிசம்பர் ஆழிப்பேரலையையும் கண்ட ஊருக்கு, இயற்கை எதைச் செய்யவல்லது என்பது தெரியும். புளியந்தீவோ பாலங்களால் வெளியுலகோடு இணைந்த தீவு. தீயணைப்பு வண்டி நெரிசல் வேளையில் பாலம் தாண்டி வரவேண்டியிருந்தால், 30 நிமிடத் தளம் போதுமா, 60 நிமிடம் வேண்டுமா என்பது கொழும்பிலுள்ள வரைபட மேசையில் மட்டும் முடிவாகும் காரியமன்று. தீயணைப்புப் படையினரையும் உட்காரவைத்துப் பேசியே முடிவுசெய்ய வேண்டும்.

நிர்மாணத்துறை அபிவிருத்தி அதிகார சபை தீ ஒழுங்குவிதிகளை வெளியிட்டிருக்கிறது. விதி இருப்பது நன்று. அதனைக் கையில் வைத்துக்கொண்டு கட்டட அனுமதி வழங்குவோர் கண்ணாடித் தளத்தைப் பொறுத்தவரை மூன்று தாள்களைக் கோப்பிற் சேர்க்காமல் கையொப்பமிடலாகாது என்று கேட்டுக்கொள்கிறோம். பாரத்தோடு சோதித்த முழு அறிக்கை ஒன்று. சோதித்த சட்டமும் கட்டப்போகும் சட்டமும் ஒன்றே என்று பொறியியலாளர் இடும் கையொப்பம் ஒன்று. 'ஒப்பானது' என்று மாற்றப்பட்டால் யார் மாற்றினார், எதனால் மாற்றினார் என்ற குறிப்பு ஒன்று.

கட்டி முடிந்தபின்னும் ஒரு காரியம் மிஞ்சும். பத்தாண்டு கழித்து ஒரு தகடு கீறிப்போகும். அன்று பழைய பொறியியலாளர் இரார். கணக்குப்பிள்ளை அருகிலுள்ள கண்ணாடிக் கடைக்கு ஆளனுப்புவார். ஆகையால் ஒவ்வொரு தகட்டின் மூலையிலும் அதன் வகையும் நிமிடக் கணக்கும் அழியாத முத்திரையாகப் பொறிக்கப்பட்டிருக்கவேண்டும்; மாற்றும்போது எதை வாங்கவேண்டும் என்பதைத் தமிழில் எழுதிக் காவலாளியின் அறையிலே தொங்கவிடவும் வேண்டும்.