மூன்று ஆம்ப்ளிஃபயரும் எழுபது வயதுக் காதும்

குழாய் ஸ்பீக்கர் என்றால் நம் ஊரில் யாருக்கும் நல்ல ஞாபகம் வராது. ஆடி மாதம், வேப்பமரத்தில் கட்டிய கூம்பு, விடியற்காலை நாலு மணி, தூக்கம் போச்சு. அந்தக் கூம்பில் சில நூறு ஹெர்ட்ஸுக்குக் கீழே ஒன்றும் வராது. பேச்சு தூரத்துக்குக் கேட்க வேண்டும் என்பதற்காகச் செய்த சாமானில் தவிலைக் கேட்டால் தகர டப்பாவாகத்தான் இருக்கும். போதாததற்கு செட்காரர் வால்யூமைக் கடைசி வரை திருகி வைப்பார். இதைக் கேட்டு வளர்ந்தவர்களிடம் போய், உலகத்தில் வீட்டுக்குள் வைத்துக் கேட்கிற மிக நல்ல ஸ்பீக்கர்களில் சில குழாய் ஸ்பீக்கர்கள்தான் என்று சொன்னால் நம்ப மாட்டார்கள்.

குழாயின் தத்துவம் எளிது. தூரத்தில் போகிறவனைக் கூப்பிட வாயருகே இரண்டு கையையும் குவிக்கிறோமே, அதுதான். சின்னத் தகடு கொஞ்சமாக அசைந்தாலே போதும், விரிந்து போகிற குழாய் அந்த அசைவை அறையின் காற்றுக்கு ஒழுங்காகக் கைமாற்றி விடும். நாகஸ்வரத்தின் அணசும் அந்த வேலையில் பங்கு கொள்கிறது. பிரெஞ்சில் இந்தக் குழாய்க்கு ‘பவியோன்’ என்று பெயர். நம் தலையின் இரு பக்கமும் இருக்கிற காது மடலுக்கும் அதே பெயர்தான். ஒன்று ஒலியை விரித்து விடுகிறது, மற்றது குவித்து வாங்குகிறது. எட்டாம் வகுப்பில் படித்த இந்த ஒற்றைச் சொல், அறுபது வருஷம் கழித்து உபயோகப்படும் என்று நினைக்கவில்லை.

எங்கள் தெருவில் ஒரு சொல்தா இருக்கிறார். பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து பென்ஷனோடு புதுச்சேரி திரும்பியவர். வீட்டுச் சாமானோடு கண்டெய்னரில் வந்தவை இரண்டு க்ளிப்ஷ்ஹார்ன். அமெரிக்காவில் ஆர்கன்சா மாநிலம் ஹோப் என்ற சின்ன ஊரில் பால் க்ளிப்ஷ் என்ற எஞ்சினியர் 1946இல் கம்பெனி தொடங்கிச் செய்ய ஆரம்பித்தது. அறையின் மூலையில்தான் வைக்க வேண்டும், ஏனென்றால் குழாயின் கடைசிப் பகுதி அந்த மூலைச் சுவர்களேதான். 15 அங்குல ஊஃபர் பெட்டிக்குள் ஒளிந்திருக்கும், அதன் ஒலி மடிப்பு மடிப்பாகச் சுற்றி வெளியே வரும். மேலே நடு ஒலிக்கு ஒரு நீண்ட உலோகக் குழாய், அதற்கும் மேலே ட்வீட்டர். பழைய மாடல்களில் ஊஃபரிடமிருந்து நடுக்குழாய் 400 ஹெர்ட்ஸில் வாங்கிக்கொள்ளும், 6000இல் ட்வீட்டரிடம் கொடுத்து விடும். ஒரு வாட் கொடுத்தால் ஒரு மீட்டரில் சுமார் 105 டெசிபல். சாதாரண ஸ்பீக்கர் 87 கொடுக்கும். வித்தியாசம் 18 டெசிபல், அதாவது அறுபது மடங்குக்கு மேல்.

சொல்தா இதைப் பிரித்து மூன்று ஆம்ப்ளிஃபயர் போடப் போகிறேன் என்றதும் எங்கள் மாலை நடைக் கூட்டம் இரண்டாகப் பிரிந்தது. “க்ளிப்ஷ் பண்ணதைத் தொட நீர் யாரு மிசியே?” என்று ஒரு கட்சி. “பழசுன்னா பூஜை அறையிலயா வைக்க முடியும்?” என்று இன்னொரு கட்சி. நான் இரண்டாவது கட்சி, ஆனால் ஒரு நிபந்தனையோடு.

நிபந்தனையை முதலில் சொல்லி விடுகிறேன். நான் சர்க்கார் குமாஸ்தா. பழைய கோப்பில் திருத்தம் வந்தால் ஒற்றைக் கோடு போட்டு அடிக்க வேண்டும், அடித்தது படிக்கத் தெரிய வேண்டும், பக்கத்தில் சுருக்கொப்பமும் தேதியும் இருக்க வேண்டும். பிளேடால் சுரண்டினால் மெமோ வரும். பழைய ஸ்பீக்கருக்கும் அதுதான் விதி. உலோகக் குழாய் மணி மாதிரி அதிர்கிறதா, வெளிப்பக்கம் பிசின் பட்டையைச் சுற்று. எப்போது வேண்டுமானாலும் உரித்து விடலாம். கண்டென்சர் நாற்பது ஐம்பது வருஷத்தில் சோர்ந்து போயிருக்கும், மாற்று, பழையதை டப்பாவில் போட்டு வை. மரக் குழாய் வாங்கிப் பொருத்த ஆசையா, தாராளமாக, பழைய குழாயைத் துணி சுற்றிப் பரணில் வை. ஆனால் ரம்பத்தை எடுத்து முகப்புப் பலகையை வெட்டாதே. வெட்டினது வெட்டினதுதான். பின்பக்கம் மூலைச் சுவரோடு இடைவெளி இல்லாமல் ஒட்ட வேண்டும் என்பது பழைய மாடலின் தொல்லை. நம் ஊர்ச் சுவரோ உப்புப் பூக்கும், கரையான் ஏறும். அதற்குப் பலகை அடித்துப் பின்பக்கத்தையே மூடிக்கொள்ளலாம். இப்போது கம்பெனியே அப்படி மூடித்தான் தருகிறது.

க்ளிப்ஷ் சொன்னதுதான் வேதம் என்பவர்களுக்கு ஒரு தகவல். அவர் கடைசிக் காலத்தில் ஈடுபட்டிருந்த ஜூபிலி என்ற பெரிய ஸ்பீக்கர் 2022இல் வீட்டு உபயோகத்துக்கு வந்தது. அதில் ஒலியைப் பிரிக்கிற வேலையை ஸ்பீக்கருக்குள் இருக்கும் காயில், கண்டென்சர் செய்வதில்லை. ஆம்ப்ளிஃபயருக்கு முன்னாலேயே டிஜிட்டல் பெட்டி செய்கிறது, ஒவ்வொரு பகுதிக்கும் தனி ஆம்ப்ளிஃபயர். சொல்தா செய்ய நினைத்ததும் இதே வழிதான்.

சரி, மூன்று ஆம்ப்ளிஃபயர் எதற்கு? பெரும்பாலோர் சத்தத்துக்கு என்று நினைக்கிறார்கள். 105 டெசிபல் ஸ்பீக்கருக்குச் சத்தம் வேண்டுமென்றால் எட்டு வாட் வால்வு ஆம்ப் போதும், அக்கம்பக்கத்தார் வந்து விடுவார்கள். 1977இல் பாரிஸில் தொடங்கிய ‘லொடியோஃபில்’ பத்திரிகையில் ழான் ஹிராகா இந்த மாதிரிக் குழாய்களுக்காகவே எட்டு வாட், இருபது வாட் என்று சின்ன ஆம்ப்ளிஃபயர்களைத்தான் எழுதினார். சொல்தாவிடம் அதன் பழைய இதழ்கள் ஒரு பெட்டி நிறைய இருக்கின்றன, நானும் வாங்கிப் படித்திருக்கிறேன்.

என்னைக் கேட்டால் மூன்று ஆம்ப்ளிஃபயரின் முதல் காரணம் நேரம். ஊஃபரின் ஒலி மடிப்புகளைச் சுற்றி வருகிற வழி, நடு ஒலியின் வழியைவிட ஒரு மீட்டருக்கு மேல் நீளம். ஒரு மீட்டரைக் கடக்க ஒலிக்குச் சுமார் 3 மில்லிசெகண்ட் ஆகும். ட்வீட்டரோ முகப்பிலேயே உட்கார்ந்திருக்கிறது, அதன் ஒலி எல்லாவற்றுக்கும் முன்னால் ஓடி வந்து விடும். ஆக ஒரே அடி மூன்று தவணையாக வந்து சேருகிறது. இது புதிய கண்டுபிடிப்பு இல்லை. 1930களில் எம்.ஜி.எம். ஸ்டூடியோவில் காலால் தட்டி ஆடும் நடனக் காட்சியைப் போட்டுப் பார்த்தபோது ஒரு தட்டு இரண்டு தட்டாகக் கேட்டதாம். தாழ் ஒலிக் குழாய் நீளமாக மடிந்திருந்ததுதான் காரணம். டக்ளஸ் ஷியரரும் ஜான் ஹில்லியார்டும் அந்தக் குழாயைக் குறுக்கி வேறு ஸ்பீக்கரே செய்தார்கள், ஷியரர் ஹார்ன் என்று பெயர். அவர்கள் தச்சனை வைத்துச் செய்ததை இன்று பெஹ்ரிங்கர் டிசிஎக்ஸ் 2496 போன்ற பெட்டியில் ஒரு குமிழைத் திருப்பிச் செய்யலாம். நடு ஒலியையும் ட்வீட்டரையும் அந்தந்த அளவு காக்க வைத்தால் போதும். ஒவ்வொன்றுக்கும் தனி ஆம்ப்ளிஃபயர் இல்லாமல் இதைச் செய்ய வழியில்லை.

வித்தியாசம் எங்கே தெரியும் என்றால் மிருதங்கத்தில். தொப்பியில் கையை அழுத்தி இழுக்கும்போது வருகிற கும்கியும், வலந்தலையின் ‘நம்’மும் ஒரே ஆளின் இரண்டு கை என்று தெரிய வேண்டும். முன்பு தொப்பி பக்கத்து அறையில் வேறு யாரோ வாசிப்பது போல இருந்தது. காத்திருப்பைச் சரி செய்த பிறகு ஆள் ஒன்றாகி விட்டார். கேட்டுக்கொண்டிருந்த எதிர்க்கட்சிக்காரர் பேசவில்லை, தொடையில் தாளம் மட்டும் போட்டார்.

தொல்லைகளையும் சொல்ல வேண்டும், வாங்கி வைத்துவிட்டு என்னைத் திட்டக் கூடாது. முதல் தொல்லை இரைச்சல். பழைய கிராஸ்ஓவரில் ஒரு சின்ன ட்ரான்ஸ்ஃபார்மர் நடுக்குழாயை அடக்கி வைத்திருந்தது. அதோடு சேர்த்து ஆம்ப்ளிஃபயரின் ‘ஸ்ஸ்’ஸையும் அடக்கியது. நேரே இணைத்தால் பாட்டு இல்லாதபோதும் பாம்பு இருக்கிற மாதிரிக் கேட்கும். அதனால் மூன்று ஆம்ப் போட்டாலும் நடுக்குழாய்க்கு அந்த ட்ரான்ஸ்ஃபார்மரை விட்டு வைப்பது நல்லது. இரண்டாவது, கரண்ட். இன்வெர்ட்டருக்கு மாறுகிற அந்த நொடியில் ஆம்ப்ளிஃபயர் ‘டொப்’ என்று ஒரு அடி அடிக்கும். ட்வீட்டர் சில வாட்டுக்கு மேல் தாங்காத பூஞ்சை. அதன் வழியில் ஒரு கண்டென்சரைத் தொடராகப் போட்டு வைத்தால் டி.சி. உள்ளே போகாது. பத்து ரூபாய் சிக்கனம் பார்க்கிற இடம் அதுவல்ல.

ஆனால் இதையெல்லாம் விடப் பெரிய தொல்லை ஒன்று இருக்கிறது. அதைப் பற்றி யாரும் பேசுவதில்லை. ட்வீட்டரின் குமிழ் இப்போது வீட்டுக்காரர் கையில்.

பழைய கிராஸ்ஓவரில் எந்தப் பகுதி எவ்வளவு பேச வேண்டும் என்பதைக் கம்பெனி தீர்மானித்து ஸ்குரூ போட்டு மூடி விட்டது. மூன்று ஆம்ப்ளிஃபயர் வந்ததும் அந்த அதிகாரம் நமக்கு வந்து விட்டது. நாம் யார்? எழுபது தாண்டியவர்கள். இந்த மாதிரிப் பழைய குழாய்களை வைத்துக்கொண்டு நேரம் செலவழிக்க வசதியுள்ளவர்களில் பலரும் நம் வயதுதான். காது பரிசோதனைக்குப் போயிருப்பீர்கள். அந்தத் தாளில் கோடு இடமிருந்து வலம் போகப் போகப் படிக்கட்டில் இறங்குகிற மாதிரி இறங்கும். வழக்கமான சோதனையே 8000 ஹெர்ட்ஸோடு நின்று விடுகிறது, பேச்சுக்கு அதற்கு மேல் தேவையில்லை என்று. க்ளிப்ஷ்ஹார்னின் ட்வீட்டர் ஆரம்பிப்பதே 6000இல். அதாவது அந்த ட்வீட்டர் செய்கிற வேலையில் பெரும்பகுதியை நம்மில் பலர் கேட்பதே இல்லை. கேட்காததைச் சரிபார்க்க நம்மையே உட்கார வைத்தால் என்ன நடக்கும்? இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று ஏற்றுவோம். ஒவ்வொரு 10 டெசிபலுக்கும் ட்வீட்டருக்குப் போகிற சக்தி பத்து மடங்கு. நமக்கு ஜால்ரா லேசாகக் கேட்க ஆரம்பிக்கிற நேரத்தில் சமையலறையில் இருக்கிறவர் காதைப் பொத்திக்கொள்வார், லீவுக்கு வந்த பேத்தி மொட்டை மாடிக்குப் போய் விடுவாள்.

சொல்தாவிடம் இதைச் சொன்னபோது, “என் வீடு, என் காது, எனக்குக் கேக்கணும்னுதானே பண்றேன்?” என்றார். இது லேசான கேள்வி இல்லை. கண் மங்கினால் கண்ணாடி போடுகிறோம், அதை யாரும் குற்றம் சொல்வதில்லை. காதுக்கு மட்டும் என்ன?

ரெண்டு நாள் யோசித்து நான் சொன்ன பதில் இது. கண்ணாடி உங்கள் மூக்கில் இருக்கிறது, வீட்டின் எல்லா ஜன்னலுக்கும் பவர் கண்ணாடி போடுவதில்லை. காதுக்குக் கண்ணாடி வேண்டுமானால் அதற்குக் காதுக்கருவி இருக்கிறது. அடுத்தது, மார்கழியில் சபாவில் முதல் வரிசையில் உட்கார்ந்து வயலின் கேட்கிறீர்களே, அதையும் இதே காதால்தான் கேட்கிறீர்கள். வித்வானிடம் போய் மேல் ஸ்தாயியை எனக்காகக் கொஞ்சம் ஏற்றி வாசியுங்கள் என்று கேட்பதில்லை. உங்கள் மனசில் வயலின் என்று பதிந்திருப்பது இந்தத் தேய்ந்த காது வழியாக வருகிற வயலின்தான். ஸ்பீக்கரில் மட்டும் ஏற்றினால் அது சபா வயலின் மாதிரி இருக்காது. சத்தம் கூடுமே தவிர, தெளிவு திரும்பி வராது.

அதனால் என் அபிப்பிராயம், ட்வீட்டர் அளவை வைக்கும் வேலையை மைக்குக்கு விட வேண்டும். சில ஆயிரம் ரூபாய்க்கு அளவெடுக்கும் மைக் கிடைக்கிறது, கம்ப்யூட்டரில் போட ‘ரூம் ஈக்யூ விஸார்ட்’ என்ற இலவச மென்பொருள் இருக்கிறது. உட்காரும் நாற்காலியில் மைக்கை வைத்துக் கோட்டைப் பார்த்து வையுங்கள். பிறகு இருபது வயசுப் பிள்ளை யாரையாவது உட்கார வைத்து, கூசுகிறதா என்று மட்டும் கேளுங்கள். நல்லா இருக்கா என்று கேட்காதீர்கள், தாத்தாவுக்காக நல்லா இருக்கு என்று சொல்லி விடும்.

தனியாக இருக்கிறவர்கள், அக்கம்பக்கம் யாரும் கேட்காதவர்கள், தங்கள் இஷ்டப்படி ஏற்றிக்கொள்ளட்டும். எனக்கு அதில் ஆட்சேபணை இல்லை, ட்வீட்டரின் ஆயுளைப் பற்றிய கவலை மட்டும்தான். இந்த டிஜிட்டல் பெட்டிகளில் பல அமைப்புகளைச் சேமித்து வைக்கலாம். சொல்தா இப்போது இரண்டு வைத்திருக்கிறார். ஒன்று மைக் சொன்னது, மற்றது அவர் காது சொன்னது. இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை டெசிபலில் எழுதி, தேதி போட்டு, பெட்டிக்குள் ஒட்டச் சொன்னேன். ஒட்டியிருக்கிறார். வித்தியாசம் 9 டெசிபல். அடுத்த வருஷம் இதே மாதத்தில் மறுபடி அளந்து அதற்குக் கீழே எழுத வேண்டும் என்று இடம் விட்டு வைத்திருக்கிறோம்.